மகளுக்கு எத்துப்பல், வயது 11: இப்போதே கம்பி போடுவதா, பொறுப்பதா?

செராய்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் கெடா மாநிலம், பாடாங் செராய். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. போன வாரம் பள்ளிக்குப் பல் கிளினிக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். இவளைப் பார்த்த மிஸ்ஸி (தாதி), மேல் முன்பல் அதிகமாக வெளியே நிற்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியாரோ "வயசுக்கு வந்தா முகம் மாறும், பல்லு தானா அடங்கிடும், எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார். வீட்டுக்காரருக்குக் கம்பி என்றதும் ஆறாயிரம் ஏழாயிரம் வெள்ளி (ரிங்கிட்) தான் ஞாபகம் வருகிறது, அதோடு பேச்சு நின்றுவிட்டது.

இதற்கிடையில் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) அழகு நிலையம் வைத்திருக்கும் ஓர் அக்கா, 400 வெள்ளிக்கு வீட்டுக்கே வந்து போட்டுவிடுகிறேன், கம்பியில் மாட்டும் ரப்பர் கலரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார். மகளுக்கு அதில்தான் ஆசை, எனக்கு மனசு ஒப்பவில்லை. உண்மையிலேயே இது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயமா, இல்லை வெறும் அழகுக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிம்_ஷிப்ட்
அக்கா, அந்த 400 வெள்ளியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் ஃபேக்டரி லைனில் வேலை செய்கிற ஒரு பெண் இப்படித்தான் யார் வீட்டிலோ உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். என்ன பசையில் ஒட்டினார்கள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் கிளினிக்கில் போய்க் கழற்றியபோது பல்லெல்லாம் வெள்ளைத் திட்டு, ஒரு பல் ஆட்டம் வேறு.

சரி, இழை திறந்ததுதான் திறந்தீர்கள், என் கேள்வியையும் போட்டுவிடுகிறேன். வயது 34. கீழ் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வலி இல்லை, சாப்பிடத் தடையும் இல்லை. ஞானப்பல் முளைத்துத் தள்ளியதால்தான் இப்படி, அதைப் பிடுங்கினால் முன்பல் இடம் பிடித்துக்கொள்ளும் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா?

பழைய_லயத்தான்
எங்கள் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்தான் பல் டாக்டர். வலித்தால் பிடுங்குவார், வலிக்காவிட்டால் போய் வேலையைப் பார் என்பார். எத்துப்பல்லோடு கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி எடுத்தவர்களை ஒரு லயத்துக்குப் பத்துப் பேர் காட்டுவேன். தெத்துப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று பெண் கொடுத்த காலமும் உண்டு. இப்போது டிக்டாக் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பல் வேண்டுமாம். அம்மா, பதினொரு வயதுப் பிள்ளை, விட்டுவிடுங்கள். காசைப் படிப்புக்குப் போடுங்கள்.

கம்பி_கழற்றியாச்சு
ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை, ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னைத் "தேங்காய் துருவி" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பையன்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம் பரீட்சை முடிக்கும்வரை எந்தப் போட்டோவிலும் வாயைத் திறந்ததில்லை, சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். வேலைக்குப் போன பிறகு சொந்தச் சம்பளத்தில், சுங்கை பட்டாணியில் தனியார் கிளினிக்கில் மாதத் தவணைக்குப் போட்டேன். அழகுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன தப்பு என்றுதான் கேட்கிறேன்.

செராய்_அம்மாவுக்கு ஒரு கேள்வி: பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்போது உதடு மூடுகிறதா? எனக்கு மூடாது, தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும், காலையில் தொண்டை காய்ந்து எரியும்.

பல்_டாக்டர்_வடக்கு
நான் அரசாங்கக் கிளினிக்கில் வேலை பார்க்கும் பல் மருத்துவர். பல்சீரமைப்பு நிபுணர் இல்லை. பிள்ளையின் வாயைப் பார்க்காமல் இதுதான் வைத்தியம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் "தேவையா, அழகுக்கா" என்று கேட்டீர்களே, அதற்கு எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1989ல் இங்கிலாந்தில் புரூக், ஷா என்ற இருவர் வெளியிட்டது, ஐ.ஓ.டி.என் என்று சொல்வோம். மொத்தம் ஐந்து படி. 1, 2 என்றால் வைத்தியம் தேவையில்லை அல்லது மிகக் கொஞ்சம்தான் தேவை. 3 நடுவில். 4, 5 என்றால் பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டு அரசாங்க நிபுணர் கிளினிக்குகளில் முன்னுரிமை இந்த 4, 5க்குத்தான், ஏனென்றால் வரிசை அவ்வளவு நீளம்.

எத்துப்பல்லுக்கு அளவு எப்படி என்றால், வாயை மூடிக் கடிக்கச் சொல்லி, கீழ் முன்பல்லுக்கும் மேல் முன்பல்லின் விளிம்புக்கும் இடையில் சின்ன ரூலரை வைத்துப் பார்ப்போம். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 6க்கு மேல் 9 வரை போனால் படி 4, 9ஐத் தாண்டினால் படி 5. பிள்ளை அழகாக இருக்கிறாளா என்று இந்த ரூலர் கேட்பதில்லை. அழகுக்கு என்று பத்துப் படம் போட்ட அட்டை தனியாக உண்டு, அது பெரும்பாலும் 3ஆம் படியில் இருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்கத்தான் உதவும்.

பழைய லயத்தான் ஐயா தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்றார். வெளியே தெரியும் தெத்துப்பல்லாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குக் கவலை தருவது முளைக்காமல் உள்ளேயே படுத்துக்கொள்ளும் கோரைப்பல். பிள்ளைக்குப் பத்து வயதில் மேல் ஈறைத் தடவிப் பார்த்தால் அந்தப் பல் புடைப்பாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது குறுக்கே படுத்துப் பக்கத்து முன்பல்லின் வேரைக் கரைத்துவிடக்கூடும், அதுவரை ஒரு வலியும் இருக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சில பிள்ளைகளுக்கு அந்த இடத்துப் பால்பல்லை எடுத்துவிட்டாலே போதும், நிரந்தரப் பல் தன் வழிக்கு வந்துவிடும். செராய் அம்மா, அந்தக் கடிதத்தோடு போகும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலிம் தம்பி, ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் நெருக்குகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதானால் கீழ்ப்பல் நெருக்கும். ஞானப்பல் தன்னளவில் சீழ் பிடித்தாலோ சொத்தையானாலோ எடுக்கலாம், முன்பல்லுக்காக எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கீழ்ப் படி மாதிரிதான் தெரிகிறது. செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

செராய்_அம்மா
டாக்டர், ரொம்ப நன்றி. உதடு மூடாது, நானும் இன்றுதான் கவனித்துப் பார்த்தேன், கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. ஏழு வயதுவரை கட்டை விரல் சூப்பினாள், வேப்பெண்ணெய் தடவியும் விடவில்லை. போன வருடம் திடலில் விழுந்து ஒரு முன்பல் முனை உடைந்தது, அரசாங்கக் கிளினிக்கில்தான் ஒட்டினோம்.

பல்_டாக்டர்_வடக்கு
நீங்கள் இப்போது எழுதியதுதான் முக்கியமான விஷயம். கீழ் உதடு பின்னால் மாட்டிக்கொண்டால் அது நாள் முழுக்க மேல்பல்லை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மாமியார் சொல்கிற மாதிரி தானாக அடங்குவது கஷ்டம். முன்பல் அடிபட்டதும் தற்செயல் இல்லை, வெளியே நிற்கும் பல்தான் முதலில் தரையில் மோதும். சின்ன வயதிலேயே வைத்தியத்தை ஆரம்பிப்பதா, பதின்ம வயதுவரை பொறுப்பதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பிலும் இதுதான் வந்தது: சீக்கிரம் ஆரம்பித்த பிள்ளைகளுக்கு முன்பல் அடிபடுவது குறைந்தது. மற்றபடி கடைசியில் பல் நிற்கும் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் யாரும் உங்களைப் பயமுறுத்தி நாளைக்கே போட வேண்டும் என்றால் நம்பாதீர்கள், ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றாலும் நம்பாதீர்கள்.

இவள் வயதில் நேரடியாகக் கம்பிக்குப் போகாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. எத்துப்பல் பிள்ளைகள் பலருக்கு மேல்பல் மட்டும் குற்றவாளி இல்லை, கீழ்த்தாடை பின்னால் இருக்கும். வளரும் வயதில், பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 10லிருந்து 13க்குள், கழற்றி மாட்டும் ஒரு கருவியைப் போட்டுக் கீழ்த்தாடையை முன்னால் வைத்துக் கடிக்கப் பழக்குவார்கள். டுவின் பிளாக் என்று பெயர், ஸ்காட்லாந்தில் 1977ல் கிளார்க் என்ற மருத்துவர் உருவாக்கியது. மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, ஏறக்குறைய நாள் முழுக்கப் போட வேண்டும். முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஒழுகும், பிள்ளை அழும். அதைத் தாண்டிவிட்டால் ஒன்பது மாதம், ஒரு வருடத்தில் நல்ல மாற்றம் தெரியும். அப்புறம்தான் மிச்சத்துக்குக் கம்பி. வளர்ச்சி நின்ற பிறகு வந்தால் இந்தக் கருவி உதவாது, பல்லைப் பிடுங்கி இடம் எடுத்துக் கம்பி போட வேண்டும், மிகக் கடுமையான கேஸ் என்றால் தாடை அறுவை.

சிக்கல் என்னவென்றால் அரசாங்க வரிசை வருடக்கணக்கில் போகும், பிள்ளையின் வளர்ச்சி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே கடிதத்தை அலமாரியில் வைக்காமல் இந்த வாரமே பல் கிளினிக்கில் கொடுங்கள். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள், முன்பல் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்பதை அங்கே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பரிந்துரைக் கடிதத்தில் அது ஏறட்டும்.

தாமான்_கணக்குப்பிள்ளை
ஒரு சந்தேகம் டாக்டர். பல்லைப் பிடுங்கி இடம் எடுப்பது என்கிறீர்களே, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் அம்மா சத்தியம் பண்ணுகிறார். என் தம்பிக்கு நாலு பல் எடுக்கச் சொன்னதும் அம்மா ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

பல்_டாக்டர்_வடக்கு
இந்தக் கேள்வி வராத வாரமே எனக்கு இல்லை. மேல்பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பின் கிளை, பார்வைக்கு இரண்டாவது நரம்பு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள், கேட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

பிடுங்குவது எல்லாருக்கும் தேவையும் இல்லை. தாடையில் இடம் போதாதபோது, பெரும்பாலும் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முதல் சிறு கடைவாய்ப்பல்லை எடுப்பார்கள். முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு எல்லாம் எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் அந்த முடிவு. ஒன்றும் எடுக்காமல் பார்த்தவுடனே நாலு பல் பிடுங்கணும் என்றால் வேறு இடத்தில் இன்னொரு கருத்து கேளுங்கள்.

எல்லை_தாண்டி
யாரும் தாய்லாந்தின் ஹாட்யாய் பற்றிப் பேசவில்லையே. இங்கிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டினால் முடிந்தது, கிளினிக் எல்லாம் சுத்தம், விலையும் மலிவு. என் மச்சான் அங்கேதான் போட்டான்.

கம்பி_கழற்றியாச்சு
அண்ணே, போடுவது ஒரு நாள் வேலை. அப்புறம் ஒவ்வொரு மாதமும் கம்பி மாற்ற, இறுக்கப் போகணும். நடுவில், பல்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிராக்கெட் கழன்று கம்பி முனை கன்னத்தில் குத்தினால் தீபாவளி நெரிசலில் எல்லையில் நின்றுகொண்டிருப்பீர்களா? ஒன்றரை இரண்டு வருடம் இழுக்கிற வேலை இது. எண்ணெய், சுங்கச்சாவடி, ஒரு நாள் சம்பளம் எல்லாம் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போகிறது என்று தெரியும்.

எல்லை_தாண்டி
மச்சான் பாதியிலேயே விட்டுவிட்டான் என்பது உண்மைதான். ஆனால் அது அவனுடைய சோம்பேறித்தனம்.

பல்_டாக்டர்_வடக்கு
பாதியில் விட்டவர்களை எடுத்துத் தொடர இங்கே எந்த கிளினிக்கும் ஆவலாக முன்வராது, காரணமும் நியாயமானது, முதல் டாக்டர் என்ன திட்டம் போட்டார் என்று தெரியாது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசிவரை அங்கேயே போக முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூலிம்_ஷிப்ட்
எனக்குப் படி குறைவு என்று தெரிந்ததும் நிம்மதி, ஆனால் ஆசை போகவில்லை, ஹஹா. பல்லை நேராக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை, அலைனர், எப்படி? ஆன்லைனில் அச்சு எடுக்கிற பெட்டியை அனுப்புகிறார்கள், நாமே கடித்துத் திருப்பி அனுப்பினால் போதும் என்று விளம்பரம் வருகிறது.

பல்_டாக்டர்_வடக்கு
அலைனர் நல்ல பொருள்தான், இலேசான நெருக்கத்துக்குப் பொருத்தமும்கூட. ஒரு நாளைக்கு 20லிருந்து 22 மணி நேரம் வாயில் இருக்கணும், சாப்பிடவும் தே தாரிக் குடிக்கவும் கழற்றணும், பல் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டணும். இரவு ஷிப்டில் கேண்டீனுக்கும் லைனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற நீங்கள் அதைச் செய்வீர்களா என்று உங்களுக்குத்தான் தெரியும். மேசையில் டிஷ்யூவில் சுற்றி வைத்துக் குப்பையோடு போய்விட்ட அலைனர் கதைகள் நிறைய.

தபாலில் வருவது மட்டும் வேண்டாம். ஈறு எப்படி, எலும்பு எப்படி என்று யாரும் கையால் தொட்டுப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெரிய பெயராக இருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது, வைத்தியம் பாதியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

வயது 34 ஒரு தடையே இல்லை. ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யணும், அவ்வளவுதான். பல் நகர்வது எலும்புக்குள் நடக்கும் வேலை: அழுத்துகிற பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புதிதாக வளரும், மாதம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஈறு சீழோடு இருக்கும்போது இதைச் செய்தால் எலும்பு கரைவது மட்டும்தான் நடக்கும்.

தாமான்_கணக்குப்பிள்ளை
காசு விஷயத்துக்கு வருவோம். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது, அதில் இருக்கும் பணத்தைக் காரணம் சொல்லாமலே எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. தனியார் கிளினிக்குகள் பலவும் முதலில் ஒரு தொகை, பிறகு மாதம் 150, 200 என்று தவணைக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆனால் மொத்தம் எவ்வளவு, எக்ஸ்ரே சேர்ந்ததா, பல் பிடுங்குவது சேர்ந்ததா, கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்கப் போடும் ரிடெய்னர் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தலைவலி வருவது ரிடெய்னர் காசில்தான்.

பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. நமக்குக் கிட்ட, ஒரு போன் போட்டு இந்த வைத்தியம் செய்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

சட்டம்_தெரிந்தவன்
அந்த 400 வெள்ளி அக்கா இதைப் படித்தால் நல்லது. பல் மருத்துவச் சட்டம் 2018, நடப்புக்கு வந்தது 2022 ஜனவரி 1. பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்தால் 300,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். அதற்கு முன்பே 2017ல் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்டுவிட்ட 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் போட்டார்கள். டாக்டர் உண்மையானவரா என்று பார்க்க மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். கிளினிக்கில் அந்த வருடத்து உரிமச் சான்றிதழைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம், கேட்டால் கோபப்படும் இடத்துக்குப் போகாதீர்கள்.

பழைய_லயத்தான்
படித்துப் பார்த்தேன். பல் அடிபட்டிருக்கிறது, உதடு மூடவில்லை என்பது எனக்கு முதலில் தெரியாது. அப்படியானால் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஆசைக்காக ஆறாயிரம் என்பதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி கழற்றிய பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது.

கம்பி_கழற்றியாச்சு
கோபமில்லை ஐயா. என் கல்யாணத்துக்கு வாருங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன்.

செராய் அக்காவுக்குச் சாப்பாட்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை டாக்டர்கள் விளக்கமாகச் சொல்வதில்லை. கம்பி போட்டால் முறுக்கு, தட்டை, கரும்பு, வறுத்த கச்சான் (கடலை), ஐஸ் கட்டி எல்லாம் மறந்துவிட வேண்டும், ஒரு கடியில் பிராக்கெட் கழன்றுவிடும். கொய்யாவைத் துண்டு போட்டுச் சாப்பிடலாம், விதை மாட்டினால் பாடு. வெள்ளை அல்லது நிறமில்லாத ரப்பர் கேட்காதீர்கள், நம் வீட்டு மஞ்சள் போட்ட குழம்புக்கு இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும், கடும் நிறம் வாங்குங்கள். முதல் சில நாள் கஞ்சி, இட்லி, பருப்பு சாதம். கன்னத்தில் உரசினால் மெழுகு கொடுப்பார்கள், ஒட்டிக்கொள்ளலாம். பல் இடுக்குக்குச் சின்னப் பிரஷ் கட்டாயம். ஒழுங்காகத் தேய்க்காவிட்டால், கழற்றும்போது பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தடம் நிற்கும், பல் நேராக இருந்தும் பார்க்க நன்றாக இருக்காது.

ரிடெய்னர் வேறு. என் கூட ஒரே நேரத்தில் கழற்றிய தோழி ஒரு வருடம் போட்டுவிட்டு நிறுத்தினாள், பல் பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

செராய்_அம்மா
எல்லாருக்கும் நன்றி, ஒரு தகவல். கடிதத்தோடு பல் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தோம். டாக்டர் ரூலர் வைத்து அளந்தார், 8 மில்லிமீட்டர். கோரைப்பல் இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுகிறது என்றார், அது ஒரு நிம்மதி. பின்பல்லில் இரண்டு சொத்தை, ஈறும் வீங்கியிருக்கிறது, முதலில் அதை அடைத்துச் சுத்தம் செய்யணும், வாய் சுத்தம் சரியில்லாவிட்டால் நிபுணர் ஆரம்பிக்க மாட்டார் என்றார். நிபுணருக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது, விழுந்து பல் உடைந்ததையும் சேர்த்து எழுதினார். பள்ளிப் பிள்ளை என்பதால் காசு வாங்கவில்லை. வீட்டுக்காரர் அதைக் கேட்ட பிறகுதான் கூட வந்து உட்கார்ந்து விவரம் கேட்டார். மாமியார் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

டாக்டர், ஒரு கேள்வி. வரிசை நீண்டுபோனால், அந்தக் கழற்றி மாட்டும் கருவியை மட்டும் தனியாரில் செய்துவிட்டு, பிறகு கம்பிக்கு அரசாங்கத்துக்கு வரலாமா?

பல்_டாக்டர்_வடக்கு
8 என்றால் படி 4, வரிசையில் உங்களுக்கு நியாயமான இடம் உண்டு. நீங்கள் கேட்பது நல்ல யோசனைதான், முழுக் கம்பியைவிட அந்தக் கருவிக்குச் செலவும் குறைவு. ஆனால் கருவி வேலை செய்து எத்து குறைந்துவிட்டால் படியும் குறைந்துவிடும், அப்போது அரசாங்க வரிசையில் உங்கள் இடம் என்னாகும் என்பது அந்த நிபுணரின் முடிவு. அதனால் தனியாரில் அச்சு எடுப்பதற்கு முன்னால் நிபுணர் கிளினிக்குக்குப் போன் செய்து, முதல் சந்திப்பு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். சில மாதத்தில் என்றால் பொறுங்கள். அடுத்த வருடக் கடைசி என்றால் தனியாரில் ஒரு நிபுணரைப் போய்ப் பார்த்துக் கருத்து கேட்பது நல்லது. அதுவரை அவள் திடலில் விளையாடும்போது பல் கவசம் போடட்டும். நிரந்தரப் பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

கூலிம்_ஷிப்ட்
பல் கவசம் பெரியவர்களுக்கும் உண்டா டாக்டர்? ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சாலில் எங்கள் கோல்கீப்பர் முழங்கை ரொம்ப உயரத்தில் வருகிறது.

பல்_டாக்டர்_வடக்கு
உண்டு தம்பி. விளையாட்டுக் கடையில் வெந்நீரில் போட்டுக் கடிக்கிற வகை கிடைக்கும், கிளினிக்கில் அச்சு எடுத்துச் செய்தால் இன்னும் நன்றாகப் பொருந்தும். அலைனர் போட்டுக்கொண்டு மட்டும் விளையாடாதீர்கள், அது அடியைத் தாங்காது.